ஏழை வீடு அமைக்கும் முறை

வெறும் அரங்கில் சாமான்களை நிரப்பி, அங்கே ஆள் குடியிருப்பதாக நம்பவைப்பதே அரங்கப் பொருள் அலங்காரம். முதல் பாடம் வருமானம். பணக்காரர் வீட்டுக்கு வளைந்திறங்கும் மாடிப்படி கட்டாயம்; கதாநாயகியின் அப்பா கோபமாக இறங்கிவர வேறு வழி கிடையாது. ஏழை வீட்டுக்கு மண்பானை, அரிக்கேன் விளக்கு, விதவைத் தாய்க்கு ஒரு தையல் மெஷின். மெஷினை வைத்துவிட்டால் இருமல் தானாக வரும்.

அடுத்தது பழசாக்குதல். புதுத் தாளைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால், ஒரே மதியத்தில் தாத்தாவின் உயில் தயார். பிறகு தொடர்ச்சி: ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் படமெடுத்து வைக்க வேண்டும். முதலிரவுப் பால் டம்ளரில் அளவு ஏறி இறங்கினால் ரசிகர் மன்னிக்க மாட்டார். கதை எப்படி இறங்கினாலும் மன்னிப்பார். வில்லனின் கிடங்கில் காலி அட்டைப்பெட்டிகள் போதும். என்ன கடத்துகிறார் என்று எவரும் கேட்டதில்லை.

'நாயகன்' (1987) படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையிலேயே மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியை எழுப்பித் தேசிய விருது பெற்றார். அவர் தாராவியைப் பார்த்துச் செய்தார். இன்றைய மாணவர் பழைய படங்களைப் பார்த்துச் செய்கிறார், அலைச்சல் மிச்சம்.

இறுதித் தேர்வு களஆய்வு. உண்மையான குடிசை ஒன்றில் 2006-இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் இலவச டிவியும், 2011-இல் தொடங்கிய திட்டத்தின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் இருந்தால், நம்பகத்தன்மை இல்லை என்று எழுதி அதை நிராகரிக்க வேண்டும். அதற்கே முழு மதிப்பெண்.