ஏறி வருபவருக்கு வழி

கேள்வி: திறமூல மென்பொருள் குழுவில் நிரல் நன்றாக இருந்தால் போதாதா? நடத்தை விதி எதற்கு? (வாசகர், ஏற்காடு)

பதில்: உங்கள் ஊர் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அதனால் எந்த ஓட்டுநரின் திறமையும் குறைந்துவிடவில்லை. மென்பொருளிலும் உச்சியில் இருப்பவர்தான் புதிதாக ஏறி வருபவருக்கு இடம் தர வேண்டும். தராவிட்டால் என்ன ஆகும்? 2017-இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில், மோசமான நடத்தைக்கு ஆளானவர்களிலும் அதைக் கண்டவர்களிலும் 21 சதவீதம் பேர் அதனாலேயே ஒரு திட்டத்தில் பங்களிப்பதை நிறுத்தியதாகச் சொன்னார்கள். சம்பளமின்றி உழைக்க வருபவரைத் தக்கவைக்க மரியாதையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

கறாராகப் பேசாவிட்டால் தரம் கெடும் என்பார்கள். லினக்ஸைப் பாருங்கள். 2018 செப்டம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அப்போதே நடத்தை விதியும் வந்தது. அதன் பிறகும் மட்டமான நிரலை அவர் தயங்காமல் நிராகரிக்கிறார். விதி தடுப்பது ஆளை இழிவுபடுத்துவதை மட்டுமே. விதியைக் காட்டிப் பழிவாங்குவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் யார் விசாரிப்பார், என்ன நடவடிக்கை, மேல்முறையீடு உண்டா என்பதெல்லாம் விதியிலேயே இருக்க வேண்டும். ஆள் பார்க்காமல் அமலாகவும் வேண்டும். 2024 நவம்பரில் நடத்தை விதியை மீறியதற்காக மூத்த டெவலப்பர் ஒருவரின் பங்களிப்பையே லினக்ஸில் ஒரு வெளியீட்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். உங்கள் குழுவில் விதி இல்லையென்றால், முதல் சண்டை வருவதற்குள் எழுதிவிடுங்கள்.