இருபது வளைவும் ஐந்தரைக் கட்டையும்

ஏப்ரலும் மேயும் வந்தால் எனக்கு வீடு இல்லை. ஏற்காட்டில் நாலு நாள், கொல்லிமலையில் மூன்று நாள், கொடைக்கானலில் ஒரு வாரம் என்று குழந்தைகளின் கோடை முகாம்களில் பாடிக்கொண்டே சுற்றுகிறேன். ஒரு கிடார், ஒரு பறை, ஒரு சுருதிப் பெட்டி, இரண்டு துண்டு. இந்த வாரக் கேள்விகளுக்கு ஏற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

மலை ஏறும் பாட்டுக்காரருக்கு முதல் சிரமம் எது?
*ஒரு வாசகர், ஆத்தூர்*

காது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி மலையிலேயே காது அடைத்துக்கொள்ளும். அடைத்த காதோடு சுருதி சேர்த்தால் மேடையில் அது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வந்து இறங்கியதும் அரை மணி நேரம் வாத்தியத்தைத் தொடமாட்டேன்.

வாத்தியத்துக்கும் அந்த அரை மணி நேரம் வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு; ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி வெப்பம் இறங்கிவிடுகிறது. குளிரில் கிடார் கம்பி இறுகிச் சுருதி ஏறும். பனி ஈரத்தில் பறைத் தோல் தொய்ந்து சத்தம் மழுங்கும். ஒன்றை இறக்கவேண்டும், இன்னொன்றைக் காய்ச்சவேண்டும்.

பறையைத் தீயில் காய்ச்சுவதைக் குழந்தைகள் முன்னால் செய்யலாமா? பயமாக இல்லையா?
*இல்லத்தரசி, தருமபுரி*

அவர்கள் முன்னால்தான் செய்வேன். பத்தடி தள்ளி வட்டமாக உட்கார வைத்துவிட்டு, சருகைக் கூட்டிக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டி, விரலால் தட்டிக் காண்பிப்பேன். முதல் தட்டில் சாக்கு மூட்டையை அடிப்பதுபோலத் தொப்பென்று விழும். ஐந்து நிமிடத்தில் அதே தோல் கணீரென்று பேசும். அப்போது குழந்தைகள் கண்ணைப் பார்க்கவேண்டும்! என் நிகழ்ச்சியில் அதுதான் முதல் உருப்படி.

எத்தனை கட்டையில் பாடுகிறீர்கள்?
*இசைக் கல்லூரி மாணவி, திருவையாறு*

எனக்கு ஒரு கட்டை. குழந்தைகளுக்கு ஐந்து, ஐந்தரை. முதல் வருடம் என் சுருதியிலேயே பாடவைத்தேன். அறுபது குழந்தைகளும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல முனகினார்கள். பிள்ளைகளுக்கு வாய் திறக்கவில்லை என்று அன்றைக்கு அவர்களைக் குறை நினைத்தேன். தப்பு என் பெட்டியில் இருந்தது.

இப்போது முகாமுக்குப் போனதும் நன்றாகப் பாடும் ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தி, அதன் குரலுக்குப் பெட்டியை வைத்துவிடுகிறேன். அது பாடும், நான் பின்பாட்டு. உங்கள் கல்லூரியில் இதைச் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள், அம்மா. சொல்லித்தர வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சராகப் போகப்போகிறவர்கள் நீங்கள்தானே.

சினிமாப் பாட்டு பாடச் சொன்னால்?
*கல்லூரி மாணவர், நாமக்கல்*

உடனே பாடுவேன். குழந்தை கேட்ட பாட்டை நான் மறுத்தால், நான் கொடுக்கும் பாட்டைக் குழந்தை ஏன் வாங்கிக்கொள்ளவேண்டும்?

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளின் கோடை முகாம்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரவென்றே பாடகர்கள் முகாம் முகாமாகப் போவார்களாமே? நமக்கு அதில் கற்க ஏதாவது உண்டா?
*பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்*

நிறைய உண்டு ஐயா. அங்கே கோடை முகாம் என்பது விடுமுறைப் பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. வீட்டிலும் கோவிலிலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாமல் போன பழைய எபிரேய வேண்டுதல்களை, ஏரிக்கரையில் நெருப்பைச் சுற்றி உட்கார வைத்துப் பாட்டாக ஊட்டும் இடம். விஸ்கான்சின் மாநிலத்தில் 1947-ல் ‘ராமா’ என்ற பெயர் கொண்ட யூத முகாம்களில் முதலாவது நடந்தது. அதே மாநிலத்தில் ஒக்கோனமோவோக் என்ற ஊரில் 1952-ல் இன்னொரு முகாம் தொடங்கியது. இப்படிப் பெருகிய முகாம்களில் பாட்டுக்குத் தலைமை ஏற்பது தனி வேலையாகவே ஆகிவிட்டது. கோடை வந்தால் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு வண்டி ஓட்டும் பாடகர்கள் அங்கே உண்டு.

அந்த முகாம்களில் வளர்ந்தவர்தான் டெபி ஃப்ரீட்மன் (1951–2011). 1972-ல் முதல் இசைத்தட்டு போட்டார். பழைய வேண்டுதல்களுக்கு நாட்டுப்பாடல் போன்ற எளிய மெட்டுக் கட்டினார். பிள்ளைகள் அந்த மெட்டுகளை முகாமிலேயே விட்டுவிட்டு வரவில்லை. ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கள் தொழுகைக் கூடங்களில் பாடினார்கள். முதலில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களும் சேர்ந்து பாடினார்கள். அவர் மறைந்த வருடமே, யூத வழிபாட்டுப் பாடகர்களைப் பயிற்றுவிக்கும் ஒரு பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். கூடாரத்தில் பிறந்த மெட்டு பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை வரைக்கும் நடந்துபோயிருக்கிறது.

நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள். கட்டுப்பாடாக அதைக் கடைப்பிடிக்கும் முகாம்களில் அந்த நேரம் முதல் வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். மேசையைத் தட்டிக்கொண்டு வெறும் குரலில் பாடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு முகாமிலும் ஒரு மாலை முழுக்கக் கிடாரை உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கூச்சக்காரப் பிள்ளையின் குரல் எனக்குக் கேட்கிறது.

இரண்டாவது, நிகுன். சொல்லே இல்லாமல் வெறும் அசைகளில் பாடும் மெட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். மொழி தெரியாதவரும் அரை நிமிடத்தில் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு அதைக் கேட்டதும் நம் தன்னானேயும் ஏலேலோவும் நினைவுக்கு வந்தன. நடவு வயலிலும் படகிலும் வேறென்ன செய்தார்கள்? இப்போது எந்த முகாமிலும் முதல் பத்து நிமிடம் தன்னானே மட்டும்தான். சொல் பிறகு வரட்டும்.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவையும் உங்கள் கணக்கில் சேருமா?
*செவிலியர், நாகர்கோவில்*

என் கணக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு சர்ச். மே மாதம் வி.பி.எஸ். வைத்தால் மதம் பார்க்காமல் தெருப் பிள்ளைகள் எல்லாம் போய் உட்காருவோம். வெளியூரிலிருந்து ஓர் அண்ணன் வருவார். கையை வீசி, குதித்து, குனிந்து அசைவுப் பாட்டுச் சொல்லித்தருவார். அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது. கை அசைவுகள் மறக்கவில்லை. உடம்புக்குள் போன பாட்டுக்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை என்பதை அவரிடம்தான் கற்றேன்.

ஊர் ஊராய்ப் போய்ப் பாடுவது வெளிநாட்டுப் பழக்கம்போல எழுதுகிறீர்களே, நம் பாணர்களை மறந்துவிட்டீர்களா?
*தமிழாசிரியை, திருவண்ணாமலை*

மறப்பேனா அம்மா! உங்கள் மாவட்டத்துச் செங்கத்து நன்னனைப் பார்க்கப் போன கூத்தர்களின் பாட்டுத்தானே மலைபடுகடாம். 583 அடி. என் தொழிலுக்கு அதைவிட நல்ல கையேடு நான் பார்த்ததில்லை. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று வாத்தியங்களைப் பையில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே வருபவனை நிறுத்தி வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடம், யானையை விரட்டத் தினைப்புனத்துக்காரர் வீசும் கவண்கல்லுக்கு ஒதுங்கும் விதம், வழுக்குகிற கரையில் கால் வைக்கும் விதம், எந்தக் குடியிருப்பில் போய் என்ன சொன்னால் சோறு கிடைக்கும் என்பது, எல்லாம் அதில் உண்டு. கொல்லிமலை ஓரியையும் வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அங்கே எழுபது வளைவு ஏறும்போதெல்லாம், வண்டி இல்லாமல் யாழைச் சுமந்து ஏறியவர்களை நினைத்துக்கொள்வேன்.

மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரிடம் என்னைத் தொட்டது பரிசு அல்ல, அந்த வழி சொல்லும் மனசு. முன்னால் போனவன் பின்னால் வருபவனுக்குப் பாதையை மறைக்கவில்லை. நானும் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். எந்த முகாமில் எதிரொலி அடிக்கும் கூடம், எங்கே மின்சாரம் போகும், எந்தச் சமையற்கட்டில் காலை ஐந்து மணிக்கு வெந்நீர் கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் படி எடுத்துக் கொடுக்கிறேன்.

தொண்டைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?
*மேடைப் பேச்சாளர், ஈரோடு*

வெந்நீரும் தூக்கமும். இரண்டில் ஒன்று கிடைக்காத ஊரில் பாட்டைக் குறைத்துக்கொள்வேன்.

இதில் குடும்பம் நடத்த முடியுமா?
*வேலை தேடும் இளைஞர், ஓசூர்*

இரண்டு மாத ஓட்டத்தில் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் கட்டிவிடலாம். மற்ற பத்து மாதத்துக்கு வகுப்பு எடுக்கிறேன், கல்யாண வீட்டில் வாசிக்கிறேன். முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு முகாமில் பேசிய பணம் தீபாவளிக்குத்தான் வந்தது. அந்த வருடம் மகளுடைய சீருடையைக் கடன் சொல்லி வாங்கினேன். அதற்குப் பிறகு வண்டி ஓட்டிவரும் தம்பியின் சாப்பாடு, படுக்கை உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறேன்.

கோடை விழா மேடை பிடிக்குமா, முகாம் பிடிக்குமா?
*ஒரு வாசகி, மேட்டூர்*

அண்ணா பூங்காவில் மலர்க் காட்சிக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில் நாட்டுப்புறக் கலைஞர்களின் கரகமும் தப்பாட்டமும் பார்ப்பது எனக்குத் திருவிழாதான். ஆனாலும் என் மனசு முகாமில்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி சொல்கிறது. மைக்கை அணைத்த பிறகு, சில்வண்டுச் சத்தத்துக்கு மேலே இருபது குழந்தைகள் மெதுவாகப் பாடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் மலை ஏறுகிறேன்.

சேர்வராயன் மலை மக்களின் பாட்டை முகாமில் பாடுகிறீர்களா?
*ஆய்வு மாணவர், சென்னை*

கேட்டு வாங்கியதை மட்டும். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போடவேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதாகக் கதை சொல்வார்கள். மே மாதம் மலை உச்சியில் சேர்வராயன் கோவில் திருவிழா. குகைக்குள் சாமி, வெளியே மேளம், கிராமம் கிராமமாக மக்கள். அங்கே போகும்போது வாத்தியத்தை அறையிலேயே வைத்துவிட்டு, கேட்கிறவனாகப் போவேன். கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்யமாட்டேன். யாராவது ஒரு பாட்டி உட்கார வைத்துச் சொல்லித்தந்தால், யாரிடம் பாடலாம், யாரிடம் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வேன்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நகரத்துப் பிள்ளைகள் இங்கே நாலு நாள் தங்கிப் படகுத்துறை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முகாம் வேலிக்கு வெளியே, காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் நின்று பாட்டுக் கேட்கிறார்கள். ஒரு மாலை அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். ஓர் இடத்தில் பாதுகாப்பு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பாட வரவில்லை. வேறோர் இடத்தில் கதவைத் திறந்தார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி கும்மி அடியெடுத்துக் கொடுக்க, சென்னைப் பிள்ளைகள் தடுமாறித் தடுமாறிச் சுற்றினார்கள். இந்த வருடமும் கேட்பேன். மறுத்தால் அடுத்த வருடமும் கேட்பேன்.

நீங்கள் இறங்கிப்போன பிறகு என்ன மிஞ்சும்?
*ஒரு தாய், கோவை*

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபிச் செடியைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினோம். கோடை மழை ஒன்று பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க மல்லிகைபோல வெள்ளையாகப் பூத்துவிடும். மே மாதம் வருகிற பிள்ளைகளுக்குப் பச்சைப் பிஞ்சுதான் மிஞ்சியிருக்கும். பார்க்காத பூவுக்காக, ‘மழை வந்து கதவைத் தட்டுச்சு, பூ வந்து திறந்துச்சு’ என்று முதல் அடி போட்டோம்.

கடைசி நாள், கோடை விழாக் கூட்டத்துக்காக ஒருவழிப் பாதை. எல்லா வண்டியும் குப்பனூர் வழியாகத்தான் இறங்கவேண்டும். பிள்ளைகளின் பேருந்து முன்னால், என் வண்டி பின்னால். ஒரு வளைவில் எல்லாம் நின்றுவிட்டன. திறந்த ஜன்னல்களிலிருந்து பாட்டு வந்தது. சுருதிப் பெட்டி இல்லை, நான் இல்லை. அவர்களாகவே ஐந்தரைக் கட்டைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்கள். ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. ‘மலை வந்து கதவைத் தட்டுச்சு.’

நாக்குப் பிசகியதா, வேண்டுமென்றே மாற்றினார்களா என்று கேட்க முடியவில்லை. வண்டிகள் நகர்ந்துவிட்டன. அன்றிலிருந்து நானும் ‘மலை’ என்றே பாடுகிறேன்.