தடைக்கால விசைப்படகுகளில் காக்கைக் குடியேற்றம்: ஓர் ஆராய்ச்சி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் நிம்மதியாக இனம் பெருக்கட்டும் என்பது அரசின் எண்ணம். 2017-க்கு முன்பு இந்தத் தடை 45 நாள்தான். கூடுதலாகக் கிடைத்த 16 நாளால் மீனுக்கு என்ன லாபம் என்று மீன்வளத் துறையினர் எழுதட்டும். காக்கைக்கு என்ன லாபம் என்பதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாததால் இக்கட்டுரை அவசியமாகிறது.

கணக்கைப் பாருங்கள். காக்கை அடைகாப்பது 16, 17 நாள். பொரித்த குஞ்சு பறக்க இன்னும் மூன்று, நான்கு வாரம். ஆக மொத்தம், மிஞ்சிப் போனால் 45 நாள். பழைய சட்டம் பிரசவத்துக்கு மட்டுமே விடுப்புக் கொடுத்தது. வீடு கட்ட நாள் ஒதுக்கவில்லை. புதிய சட்டத்தில் அந்தக் குறை நீங்கிவிட்டது. திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்பது மேலாய்வுக்குரியது.

பறவைக்கும் கலத்துக்கும் உள்ள உறவு பழையது. கரை காணாமல் கப்பலின் கூம்புக்கே திரும்பும் பறவையைப் பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார். பக்தர்கள் அதில் சரணாகதியைக் கண்டார்கள். கூம்பில் அந்தப் பறவை கூடு கட்டியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டியிருக்காது என்பது நம் துணிபு. ஓடுகிற கலத்தில் பறவை பயணிதான். 1994-இல் நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹாலந்து துறைமுகத்துக்கு நம் ஊர்க் காக்கைகள் இரண்டு கப்பலேறிப் போய்ச் சேர்ந்தன. அவையும் இறங்கிய பிறகுதான் குடும்பம் நடத்தின.

நிற்கிற படகின் கதை வேறு. சென்னைக் காசிமேட்டில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும் படகுகளில் கேபின் கூரையும் விளக்குக் கம்பமும் சேரும் மூலைதான் முதல்தர மனை. சுள்ளியோடு கட்டுக்கம்பி, அறுந்த வயர் என்று வெளிச்சுவர் எழும்பும். உள்ளே தேங்காய் நார் மெத்தை. பழுதுபார்ப்பில் மிச்சமான சாமான் எல்லாம் படகிலேயே கிடப்பதால் ஏற்றுகூலியும் மிச்சம். வலை பழுதுபார்த்த நைலான் இழையையும் சில காக்கை சேர்த்துவிடும். அது குஞ்சின் காலில் சுற்றினால் இறுகும். ஆகவே வெட்டிப் போட்ட நூலைப் பொறுக்குவது சுத்தத்துக்காக மட்டுமல்ல.

விரட்டும் முறைகளைப் பற்றி நிறைய உபதேசம் உண்டு. பழைய சிடி, பளபளக்கும் ரிப்பன், ரப்பர் பாம்பு. எல்லாவற்றுக்கும் காக்கை சில நாள் மரியாதை கொடுக்கும். பிறகு பாம்பின் தலையிலேயே உட்காரும். தினமும் இடம் மாற்றி வைத்தால் பாம்பின் பதவிக்காலம் கொஞ்சம் நீளும், அவ்வளவே. செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடுவது காட்டுமிராண்டித்தனம். தவிர, துக்கம் கேட்க ஊர்க் காக்கை முழுவதும் வந்துவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காக்கையைத் தீங்குயிர் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. சட்டத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு. படகுக்காரர் கேட்கிறார்: “அமாவாசைக்குக் கூப்ட்டு சோறு வெச்சிட்டு, இப்போ வூட்டக் காலி பண்ணுன்னா எப்டி நைனா?” இந்தக் கேள்விக்கு ஆய்வுலகில் பதில் இல்லை.

பலிப்பது ஒன்றே: முட்டைக்கு முந்திக்கொள்வது. முதல் சுள்ளி விழுந்த அன்றே எடுக்க வேண்டும். மறுநாளும் எடுக்க வேண்டும். மூலையில் வலைத்துண்டை இழுத்து விறைப்பாகக் கட்டலாம். தொளதொளவென்று விட்டால் பறவை சிக்கிக்கொள்ளும். பெயிண்ட் வேலையைத் தள்ளிப்போடாமல் ஏப்ரலிலேயே தொடங்கினால் ஆள் நடமாட்டமே பாதி காவல். முட்டை விழுந்துவிட்டால் கை வைக்காதீர்கள். அது குயிலின் முட்டையாகவும் இருக்கக்கூடும். உள்வாடகை விவகாரம் நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

மைனாவுக்குக் கூரை வேண்டாம், பொந்து போதும். எஞ்சினின் புகைக்குழாயை அது விடாது. குழாய் வாயைத் துணி அடைத்துக் கட்டுங்கள். கட்டியது மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டுங்கள். ஜூன் 14 நள்ளிரவு எஞ்சினைக் கிளப்புமுன் புகைக்குழாயில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். மைனா இல்லாவிட்டாலும் நீங்கள் அடைத்த துணி இருக்கும்.