மன்னம்பந்தலில் தொடங்கிய பிரசங்கம்

கிறிஸ்துமஸ் பிரசங்கத்தை அந்தக் காலத்தில் ரயிலில்தான் தயாரிப்பேன் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. ரயிலே இல்லையே! மாயவரம் ஜங்ஷனிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் வண்டி போய்வந்துகொண்டிருந்தது. தலை நரைத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மன்னம்பந்தலில் வசனத்தைப் பிடித்தால் செம்பனார்கோவிலில் முதல் தலைப்பு கிடைத்துவிடும், ஆக்கூரில் யாராவது மீன்கூடையோடு ஏறி அதைக் கலைப்பார்கள், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதி மாலையும் கழுத்துமாக எதிரே வந்து உட்கார்ந்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்து, எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்ட, மூன்றாம் தலைப்பு பொறையாறு வரை தள்ளிப்போகும். எண்பதுகளில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்ஸில் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்றாம் தலைப்புதான் வந்து சேருவதில்லை.

இறையியல் படித்து வந்த புதிதில் என் பிரசங்கங்களில் உறைபனி கொட்டும். வெளியே சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும். சபையார் வரப்பு வழியே வந்து, ஆலயத்து வாசலில் சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டு பாயில் உட்காருவார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நான் ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளையும் பனிச்சறுக்கு வண்டிகளையும் அவர்கள் கண்முன் நிறுத்துவேன். 1706-ல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய சீகன்பால்கு ஐயர் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்த மண் இது. பனிதேசத்துக்காரர் வெயிலுக்குப் பழகிக்கொண்டார், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் பனியை இறக்குமதி செய்தேன்! ஒரு மணி நேரமானாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். முடிந்ததும் ஒரு பாட்டி, “ஐயர் நல்லாப் பேசினீங்க, குளிருதான் தாங்கலை” என்று சொல்லிவிட்டுப் போனது பாராட்டு என்றே பல வருஷம் நம்பியிருந்தேன்.

மாட்டுத்தொழுவத்தை மட்டும் அன்று விளக்க வேண்டியதில்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் விடியற்காலையில் சாணி அள்ளிவிட்டு வந்தவர்கள். ஈர வைக்கோலின் வாடையும் கன்று முட்டும் சத்தமும் அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. இன்று அறுவடை மிஷின் போன கையோடு இன்னொரு மிஷின் வந்து வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. ஆலயத்துக் குடிலுக்கு ஒரு கை வைக்கோல் வேண்டுமென்று போன வருஷம் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் தேடினார்கள். நெல் விளையும் சீமையில்! சத்திரத்தில் இடமில்லை என்ற கதையும் அப்படித்தான். வழிப்போக்கர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் சாலை நெடுகச் சத்திரம் கட்டி வைத்த நாட்டில், சத்திரத்திலேயே இடமில்லை என்றால் கேட்பவர்களுக்கு நெஞ்சு பகீரென்னும். போன மாதம் ஞாயிறு பள்ளியில் சொன்னேன். “முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணலையா, தாத்தா?” என்றது ஒரு வாண்டு. நியாயமான கேள்வி. ரொம்ப நேரம் பதில் தேடினேன்.

ஒரு பிரசங்கத்தை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். 2004-ல் பண்டிகை சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கென்று எழுதியது. காலையில் கடல் உள்ளே வந்துவிட்டது. பிரசங்கம் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு என் பேச்சில் அலங்காரம் குறைந்ததாகச் சொல்வார்கள். வயசும் காரணமாக இருக்கலாம்.

ஓய்வு பெற்றும் கூப்பிடுகிறார்கள். பிரசங்கம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, மெசேஜ். சபைச் செயலாளர் நவம்பரிலேயே போன் செய்தார்: “ஐயா, ஃப்ளெக்ஸுக்கு டைட்டில் சொல்லிடுங்க. பன்னிரண்டு நிமிஷம் போதும், லைவ் போகுது.” என் அவஸ்தையைப் பார்த்த பேத்தி, செல்போனில் ஏதோ தட்டி, ஏஐ எழுதிய மெசேஜை ஒரே நிமிஷத்தில் நீட்டினாள். மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில். இரண்டாம் தலைப்பில் ஊசியிலை மரங்கள்மேல் உறைபனி பொழிந்துகொண்டிருந்தது. பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம், “யாருடா இவன், நம்ம ஆளு!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கடைசியில் வைக்கோல் தேடிய பையன்களைப் பற்றியே பேசினேன். ஆனால் நான் பீடத்தில் ஏறி கண்ணாடியைத் துடைப்பதற்குள்ளேயே ஷார்ஜாவிலிருந்து லைவில் ஒருவர், “அருமையான மெசேஜ், ஐயா” என்று போட்டுவிட்டாராம்.