பரபரப்பு அண்ணன்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். மயிலாடும்பாறையில் எங்களுக்கு வாய்த்தவர் பரபரப்பு அண்ணன். டீ கிளாஸை வாங்கும் முன்பே செல்போனை நீட்டிவிடுவார். "பாத்தியாப்பா, நாடு போற போக்க!" எந்த நாடு என்று கேட்கக் கூடாது.

2023 மே மாதம் அவருக்குத் திருவிழா. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு 27ஆம் தேதி கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கியது. கம்பத்துக்காரர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. ஒரு உயிரே போனது. அங்கே 144 போட்டார்கள். கம்பத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு மலையே நின்றாலும், அண்ணன் தன் வீட்டுக்கும் 144 போட்டுக்கொண்டார். யானை ஓடும் ஒரே காட்சியை டிவியில் திரும்பத் திரும்பக் காட்ட, "நாப்பது தடவ ஓடிருச்சுப்பா, இந்நேரம் கண்டமனூரத் தாண்டிருக்கும்" என்று கணக்குப் போட்டார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனபோது, ஊரில் முகம் வாடியவர் அவர் ஒருவர்தான்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. 2018இல் 'பிள்ள பிடிக்கிறவய்ங்க வந்துட்டாய்ங்க' என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை எல்லா குரூப்புக்கும் அனுப்பினார். அந்த மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். "நான் அனுப்புனது அங்கிட்டெல்லாம் போயிருக்காதுப்பா" என்றார்.

இவ்வளவு அக்கறை உள்ளவர் கிராம சபைக்கு வரமாட்டாரா? வருவார். கையெழுத்துப் போடுவார். வரவு செலவு வாசிக்கத் தொடங்கியதும் செருப்பைத் தேடுவார். 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தது அவருக்குத் தெரியாது. அதே மாதம் டிரம்ப் பதவியேற்ற நேரம் நிமிஷ சுத்தமாகத் தெரியும்.

அவர் தெருவிலேயே விளக்கு எரியவில்லை. அதற்கு மனு எழுதவில்லை, வீடியோ எடுத்தார். 'இருளில் மர்ம நபர் நடமாட்டம்' என்று குரூப்பில் போட்டார். மர்ம நபர் எங்கள் பால்காரர். மறுநாள் அந்தத் தெருவுக்குள் வரவே அவர் தயங்கினார்.

போன கிராம சபைக் கூட்டம் முடிந்து வந்த என்னை அண்ணன் வழிமறித்தார்.

"ஏதும் கலாட்டா ஆச்சா?"

"இல்லண்ணே. லைட்டுக்குத் தீர்மானம் போட்டாச்சு. உங்க தெருவுக்குத்தான்."

"ப்ச். அம்புட்டுத்தானா?"