தலைப்புச் செய்தி

சாயங்காலம் பூங்காவில் நடக்க வரும் கூட்டத்தில் கட்டாயம் ஒரு மோஷன் மாமா இருப்பார். "எப்படி இருக்கீங்க?" என்று பேச்சுக்குக்கூடக் கேட்டுவிடாதீர்கள். வயிற்றைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார். "இன்னிக்கு க்ளியரா போச்சு சார்" என்றால் தப்பித்தீர்கள். "முழுசா போன மாதிரி இல்ல" என்று ஆரம்பித்தால் இன்னும் இரண்டு சுற்று அவரோடுதான்.

சர்க்கரை, பிரஷர் எல்லாம் நார்மல். கவலைப்பட அவருக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

கதி என்று நம்பியிருப்பது இசப்கோல் என்ற நார் உமியை. குஜராத்தில் உஞ்சா பக்கத்து ஆலைகளில் அந்த உமியைப் பிரித்தெடுப்பது வரை விவரம் சொல்வார். சம்பந்தி ஊர் எந்த மாவட்டம் என்பதில்தான் குழப்பம்.

கல்யாணப் பந்தியில் அவரைப் பார்க்க வேண்டும். அவரைக்காய்ப் பொரியல், கீரைக் கூட்டு, வாழைப்பூ உசிலி எல்லாம் இலை ஓரம் ஒதுங்கிக் கிடக்கும். பளபளவென்று தீட்டிய அரிசிச் சோறு மட்டும் மூன்று தடவை. கொய்யாவா, விதை பல்செட்டில் மாட்டும். ஆப்பிளா, தோலைச் சீவித் தர வேண்டும். இலையில் சும்மா விழுந்த நாரைத் தள்ளிவிட்டு, ராத்திரி வீட்டில் டப்பாவைத் திறந்து, காசு கொடுத்து வாங்கிய நாரை ஸ்பூனால் அளப்பார்.

அளப்பதிலும் தாராளம். கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள் என்று டாக்டர் சொன்னது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. எடுத்த எடுப்பில் மூன்று ஸ்பூன். வயிறு உப்பி, காற்று பிரிந்து, வீட்டு ஜன்னல் அத்தனையும் திறக்க வேண்டியதாயிற்று.

தண்ணீரில் மட்டும் சிக்கனம். அந்த உமியின் சாமர்த்தியமே தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஊதுவதில்தான் இருக்கிறது. மலம் இளகுவதும் அதனால்தான். ஒரு முழு டம்ளராவது கூடவே குடித்தாக வேண்டும். இவர் இரண்டு மடக்கோடு சரி. "நிறைய குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணுமே சார்!" உள்ளே போன உமி தண்ணீர் கேட்டு அங்கேயே தர்ணா உட்காரும். மறுநாள் இன்னும் ஒரு ஸ்பூன் கூடும்.

"வாரத்துக்கு மூணு தடவை போனாலும் நார்மல்தான்" என்ற டாக்டரை மாற்றிவிட்டார்.

உமி வேலை செய்ய அரை நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ராத்திரி ஒன்பதுக்கு விழுங்கியதற்கு விடிகாலை ஐந்துக்கே கணக்குக் கேட்டு, பேப்பரோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். வீட்டில் இருப்பதோ ஒரே கக்கூஸ். ஏழரைக்குப் பேரன் கதவைத் தட்டுவான்.

"தாத்தா, ஸ்கூல் வேன் வந்திடுச்சு!"

"உனக்கு வேனாவது வந்துச்சேடா!"