உப்பைத் தின்ற குழாய்

கேள்வி: என் பிக்கப் வண்டிக்கு இருபது வயது. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் குழாய் துருப்பிடித்து ஒழுகுகிறது. வீட்டிலேயே மாற்றலாமா?
– ஸ்கார்பரோ வாசகர், கனடா

பதில்: மாற்றலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். உங்கள் ஊரில் பனிக்காலமெல்லாம் சாலை உப்பைத் தின்ற இரும்புக் குழாய் ஆயிலைக் கக்குகிறது!

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

பெரிய வேலை ரேடியேட்டர் முனையில்தான். துருப்பிடித்த நட்டைச் சாதாரண ஸ்பானர் மொட்டை அடித்துவிடும். குழாய் நட்டுக்கென்றே உள்ள ஃப்ளேர் ஸ்பானர் வாங்குங்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். கழற்றும்போது ரேடியேட்டரோடு ஒட்டியிருக்கும் ஃபிட்டிங்கை இன்னொரு ஸ்பானரால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அதுவும் கூடவே திரும்பி, குழாய்க்குப் போனவர் ரேடியேட்டருக்கும் சேர்த்து அழ நேரும்.

புதிதாகப் போட, நிக்கல் கலந்த செம்புக் குழாயே என் தேர்வு. கையாலேயே வளையும், உப்புக்கும் அசையாது. சுத்தச் செம்பு வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும். இடையில் ரப்பர் ஹோஸ் வருகிறதா? கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்று செய்ததை மட்டும் போடுங்கள். பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டைத் தாங்காது.

ஒழுகிய அளவுக்கு ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சிவப்புச் சொட்டு விழுந்தால் சாலைக்கு எடுக்காதீர்கள்.